ஃபுட்டியில் இருந்து பன்ட்டுக்கு: காலை விடக் கைக்குத்தான் வேலை

55 மீட்டர் உதைக்கிற கால் ஆஸ்திரேலியாவில் அதிசயம் இல்லை. விக்டோரியாவில் எந்த உள்ளூர் ஃபுட்டி (ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால்) கிளப்புக்குப் போனாலும் அப்படி நாலு பேர் இருப்பார்கள். அந்த நாலு பேரையும் அமெரிக்காவுக்கு விமானம் ஏற்றினால் நாலு பேரும் அமெரிக்கன் ஃபுட்பாலில் பந்தை உதைத்துத் தள்ளும் பன்ட்டர் ஆகிவிடுவார்களா என்றால், மாட்டார்கள். ஒருவர் ஆனாலே பெரிது. இதைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் காலின் பலத்தையே பேசுகிறார்கள். தேறுவதும் தோற்பதும் கையிலும் கடிகாரத்திலும்தான் இருக்கிறது.

அமெரிக்கன் ஃபுட்பால் பார்க்காதவர்களுக்கு: பத்து கெஜம் முன்னேற ஓர் அணிக்கு நாலு வாய்ப்பு. மூன்றிலும் முடியவில்லை என்றால், பெரும்பாலும் நாலாவதில் பந்தை எதிரணியின் எல்லைப் பக்கம் தள்ளி உதைத்துக் கொடுத்துவிடுவார்கள். அந்த உதைதான் பன்ட். ஸ்னாப்பர் குனிந்து கால்களுக்கு இடையே பந்தைப் பின்னால் எறிவார். 15 கெஜம் பின்னால் நிற்கும் பன்ட்டர் அதைப் பிடித்து, கையிலிருந்து விட்டு, தரையில் படும் முன் உதைக்க வேண்டும். ஆஸ்திரேலிய ஃபுட்டியில் எல்லா ஆட்டக்காரரும் ஏழெட்டு வயதிலிருந்து செய்வது இதைத்தான். கோல் அடிப்பது, தூரத்தில் இருக்கும் சக ஆட்டக்காரருக்குப் பந்தைக் கொடுப்பது எல்லாம் பெரும்பாலும் கையிலிருந்து விட்டு உதைப்பதில்தான் நடக்கிறது. அமெரிக்கப் பையன்களுக்கு அந்தப் பழக்கம் உயர்நிலைப் பள்ளியில்தான் தொடங்குகிறது, அதுவும் அணிக்கு ஓரிருவருக்கு மட்டும்.

முதலில் தூரத்தைக் கணக்குப் பார்த்துவிடலாம். 55 மீட்டர் என்பது 60 கெஜம். என்.எஃப்.எல். என்ற அமெரிக்கத் தொழில்முறை லீகில் 60 கெஜ பன்ட் என்றால் வாயைப் பிளப்பார்கள். ஆனால் அங்கே தூரத்தை அளப்பது ஸ்னாப்பர் பந்தை எறியும் கோட்டிலிருந்து. பன்ட்டர் 15 கெஜத்தில் நின்று, இரண்டு காலடி முன்னே வைத்து உதைக்கும்போது, அந்தக் கோட்டுக்கு 12 கெஜம் பின்னால் இருப்பார். ஆகவே 60 கெஜம் பறக்கும் பந்து ஏட்டில் 48 கெஜமாகத்தான் பதிவாகும். அது நல்ல பன்ட்தான், வாயைப் பிளக்கிற பன்ட் இல்லை.

அடுத்தது உயரம். ஃபுட்டியில் 50 மீட்டர் உதை என்றால் ஓடி வருகிற சக ஆட்டக்காரரின் மார்புக்குப் போக வேண்டும். தாழ்வாக, வேகமாக, ஏறக்குறைய 3 நொடிக்குள். பன்ட் 4.5 நொடி காற்றில் நிற்க வேண்டும். இதை ஹேங் டைம் என்பார்கள். காற்றுத் தடையை ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால் 3 நொடி பறக்கும் பந்து 11 மீட்டர் உயரம் போகும், 4.5 நொடி பறக்கும் பந்து 25 மீட்டர் போகும். ஒன்றரை நொடிக்காக இரண்டு மடங்குக்கும் மேல் உயரம். புதிதாக வருகிற ஆஸ்திரேலியர் முதல் வாரத்தில் உதைப்பதெல்லாம் நீளமாக, தட்டையாக, அழகாகப் போகும். பயிற்சியாளர் முகம் மட்டும் மலராது. 55 கெஜம் போய் 3.6 நொடியில் இறங்கும் பந்தைப் பிடிப்பவருக்கு முன்னால் ஒரு ஆள் இருக்க மாட்டார். அவர் பாட்டுக்கு 20 கெஜம் திரும்பி ஓடி வந்துவிடுவார்.

ஏன் என்று புரிய என்.எஃப்.எல். விதி ஒன்று தெரிய வேண்டும். பந்து உதைபடும் வரை, வரிசையின் இரு கோடியிலும் நிற்கும் இருவர் மட்டுமே கோட்டைத் தாண்டி ஓடலாம். அவர்களை கன்னர்கள் என்பார்கள். மற்றவர்கள் பன்ட்டரின் கால் பந்தில் பட்ட பிறகே கிளம்ப முடியும். அவர்களுக்கு இருக்கும் நேரம் பந்தின் ஹேங் டைம் மட்டும்தான். பத்து கெஜத்துக்கு ஒரு நொடி என்பது பழைய வாய்ப்பாடு: 45 கெஜ உதை என்றால் 4.5 நொடி. அதை மீறி நீளமாக உதைப்பது தன் அணியின் காலை வாருவது.

அதனால்தான் அணிகள் சராசரித் தூரத்தை விட நிகரத் தூரத்தைப் பார்க்கின்றன. ஒரு ஆட்டத்தில் ஐந்து பன்ட்: 50, 46, 44, 52, 38. மொத்தம் 230, சராசரி 46. அதில் இரண்டை எதிரணி 8, 12 கெஜம் திருப்பி ஓடியது. ஒன்று எண்ட் சோனுக்குள், அதாவது எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் இருக்கும் பகுதிக்குள் போய் டச்பேக் ஆனது. அப்படிப் போனால் எதிரணி தன் 20 கெஜக் கோட்டிலிருந்து தொடங்கும், பன்ட்டர் கணக்கில் 20 கெஜம் கழிப்பார்கள். 230இல் 40 போக 190, ஐந்தால் வகுத்தால் 38. டிவியில் 46 என்று போடுவார்கள். ஒப்பந்தம் பேசும்போது 38ஐத்தான் பார்ப்பார்கள்.

இப்போது பந்து. ஃபுட்டியின் ஷெரின் பந்துக்கு நீளவாக்கில் சுற்றளவு 720 முதல் 730 மி.மீ., குறுக்கே 545 முதல் 555. என்.எஃப்.எல்.லின் வில்சன் பந்து நீளவாக்கில் 711 முதல் 724, குறுக்கே 533 முதல் 540. காகிதத்தில் சின்ன வித்தியாசம். காலில் பெரியது. ஷெரினின் முனை உருண்டை, வில்சனின் முனை கூர். காற்றழுத்தம் ஷெரினில் 62 முதல் 76 கிலோபாஸ்கல், வில்சனில் 86 முதல் 93. கூர்முனைப் பந்தில் காலுக்குக் கிடைக்கும் நல்ல இடம் சிறியது. ஷெரினில் ஒரு விரற்கடை தள்ளிப் பட்டாலும் சமாளிக்கலாம். வில்சனில் அதே பிசகு பந்தை ஓரத்துக்கு அனுப்பிவிடும். போதாக்குறைக்கு என்.எஃப்.எல்.லில் உதைப்பதற்கென்று தனிப் பந்துகள் உண்டு, கே பந்துகள் என்பார்கள். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் கைபட்டுப் பதமான பந்தை விட அவை 2024 சீசன் வரை விறைப்பாகவும் வழுக்கலாகவும் இருந்தன.

எல்லாவற்றையும் விடப் பெரிய மாற்றம் பந்தை விடும் விதத்தில். ஃபுட்டியின் ட்ராப் பன்ட்டுக்குப் பந்தைக் கிட்டத்தட்ட செங்குத்தாக, இரு கையாலும் பக்கவாட்டில் பிடிப்பார்கள். உதைக்கும் பக்கத்துக் கை அதைத் தொடை வரை கூட்டிக்கொண்டு போய் விடும். கீழ் முனையில் கால் பட, பந்து தலைகீழாகப் பின்பக்கம் சுழன்றபடி போகும். பன்ட்டரின் அடிப்படை உதை ஸ்பைரல். பந்து தன் நீள அச்சில் சுழன்று துளைபோட்டுக்கொண்டு போகும். ஃபுட்டியிலும் அது டார்பிடோ என்ற பெயரில் உண்டு. குறி தவறும் என்பதால் அங்கே அதைக் கடைசி நொடிகளிலும் அரைத் திடலுக்கு அப்பாலிருந்தும் மட்டும் உதைப்பார்கள்.

ஸ்பைரலுக்குப் பிடி வேறு. வலதுகாலர் என்றால் வலது கை மட்டும். பந்தின் பின்பாதியை வெளிப்பக்கமாகப் பிடித்து, தையல் மேலே பார்க்க, இடுப்புக்குச் சற்று மேலே, கையை நீட்டி. முன்முனை கொஞ்சம் உள்பக்கம், கொஞ்சம் கீழே. கையைத் திறந்தால் பந்து அதே கோணத்தில், சுழலாமல், அப்படியே தட்டையாக இறங்க வேண்டும். அரை மீட்டர் இறங்க 0.3 நொடிதான் ஆகும். அந்த 0.3 நொடியில் முனை எந்தப் பக்கம் சாய்கிறதோ, உதையின் விதி அதோடு முடிந்தது. முனை மேலே தூக்கினால் பந்து வானத்துக்குப் போய்ப் பக்கத்திலேயே விழும். முனை அதிகம் குனிந்தால் தாழ்வாகப் பாயும். உடம்புக்கு வெளியே விட்டால் பாதத்தின் வெளி ஓரம் பட்டு வலப்பக்கக் கோட்டுக்கு ஓடும். உள்ளே விட்டால் கால் உடம்பைக் குறுக்கே வெட்டி, பந்து இடப்பக்கம் கொக்கி போடும். ஃபுட்டிக்காரர்களிடம் அடிக்கடி பார்க்கும் கோளாறு, பழக்கதோஷத்தில் இடது கையும் பந்தோடு கூடப் போவது. இடது தோள் உள்ளே இழுபடும், இடுப்பு சீக்கிரம் திறந்துவிடும், பந்து விடும் இடம் உதைக்கு உதை மாறும்.

இதைச் சரிசெய்ய உதைக்கவே வேண்டாம். ஒரு கோட்டில் நின்று, பந்தை நீட்டி, விட வேண்டும். தட்டையாக விழுந்தால் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே எம்பும். முனை முதலில் பட்டால் எங்காவது ஓடும். நாளைக்கு நூறு முறை விட்டாலும் காலுக்குச் சோர்வு இல்லை. முழு உதை மட்டும் ஒரு பயிற்சிக்கு 40, 50ஐத் தாண்டக் கூடாது, வாரத்துக்கு மூன்று நாள் போதும். ஃபுட்டியில் நாளெல்லாம் ஓடி உதைத்துப் பழகியவர்கள் இதை நம்ப மாட்டார்கள். ஆனால் பன்ட்டில் ஒவ்வொரு உதையும் முழு வீச்சு. தொடையின் முன்தசையும் இடுப்பு மடிப்பும் அதைத் தாங்குவதற்கு எல்லை உண்டு.

கடிகாரத்துக்கு வருவோம். ஸ்னாப், அதாவது ஸ்னாப்பர் எறியும் பந்து, பன்ட்டர் கைக்கு வர 0.75 நொடி. கைக்கு வந்ததிலிருந்து கால் படும் வரை 1.25, மிஞ்சினால் 1.3. மொத்தம் 2 நொடி. 2.2 ஆனால் யாராவது தடுத்துவிடுவார்கள். ஃபுட்டியில் ஏழெட்டுக் காலடி ஓடி வந்து உதைத்தவருக்கு இங்கே இரண்டே எட்டு: வலது, இடது, உதை. வேகத்துக்கு ஓட்டம் கிடையாது, இடுப்பிலிருந்தும் உடம்பை நிமிர்த்துவதிலிருந்தும்தான் வர வேண்டும். மூன்றாவது எட்டு வைத்தால் நேரம் மட்டும் போவதில்லை, இடமும் போகும். எதிரணியின் தடுப்பாளர்கள் குறிவைத்துப் பாய்வது கோட்டுக்குப் பின்னால் ஒன்பது, பத்து கெஜத்தில். ஓர் எட்டு கூட வைத்தவர் தானாகவே அவர்கள் கைக்குள் போய் உதைக்கிறார்.

இவ்வளவு பாதகம் இருந்தும் ஏன் ஆஸ்திரேலியர்களைத் தேடிப் போகிறார்கள்? அவர்கள் கையில் ஒரே ஓர் உதை இல்லை என்பதால். எதிரணியின் 45 கெஜக் கோட்டில் நின்று பன்ட் உதைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பைரல் உதைத்தால் அது விழுந்ததும் முன்னால் ஓடி எண்ட் சோனுக்குள் போய்விடும், டச்பேக். அமெரிக்கர்கள் முன்பு இதற்குப் பக்கக் கோட்டின் மூலையைக் குறிவைத்தார்கள். பலித்தால் பிரமாதம், பலிக்காவிட்டால் 20 கெஜத்தில் வெளியே போகும். ஆஸ்திரேலியர் இங்கே ட்ராப் பன்ட்டை எடுப்பார். 8 கெஜக் கோட்டில் இறங்க 37 கெஜம், அதோடு பின்னால் நிற்கும் 12, ஆக 49 கெஜம் பறக்க வேண்டும். மீட்டரில் 45. அதாவது ஃபுட்டியில் வாழ்நாள் முழுக்க உதைத்த அதே தூரம். பின்பக்கம் சுழலும் பந்து செங்குத்தாக இறங்கி, மேலேயோ பின்னாலோ எம்பும். கன்னர் வந்து பிடித்து வைத்துக்கொள்வார். எதிரணி 92 கெஜம் போக வேண்டும்.

என்.எஃப்.எல்.லில் இந்த உதையை வழக்கமாக்கிய பெருமை டாரன் பென்னட்டுடையது. வெஸ்ட் கோஸ்ட், மெல்பர்ன் ஃபுட்டி அணிகளில் ஆடியவர். 1995இல் முதலில் ஐரோப்பாவில் ஆம்ஸ்டர்டாம் அட்மிரல்ஸ், பிறகு சான் டியேகோ சார்ஜர்ஸ், அந்த முதல் சீசனிலேயே புரோ பவுல் என்ற நட்சத்திர ஆட்டத்துக்குத் தேர்வு. அவருக்கு முப்பது ஆண்டு முன்பே கொலின் ரிட்ஜ்வே என்ற உயரம் தாண்டும் வீரர் டல்லாஸ் கவ்பாய்ஸுக்கு உதைத்திருக்கிறார், ஆனால் அது சில ஆட்டங்களோடு முடிந்த கதை. பென்னட்டுக்குப் பிறகு ஜீலாங் அணிக்கு 219 ஆட்டங்கள் ஆடிய பென் கிரகாம். 2005இல் நியூயார்க் ஜெட்ஸில் தொடங்கி, 2009 பிப்ரவரியில் அரிசோனாவுக்காக 43வது சூப்பர் பவுலில், அதாவது என்.எஃப்.எல். இறுதி ஆட்டத்தில் உதைத்தார். ஆஸ்திரேலியர் ஒருவர் சூப்பர் பவுலில் ஆடியது அதுவே முதல்முறை. ஆஸ்திரேலியாவின் உச்ச ஃபுட்டி லீகான ஏ.எஃப்.எல்.லில் 748 கோல் அடித்த சாவ் ரோக்கா 2007இல் 33 வயதில் ஃபிலடெல்பியாவில் புதுமுகமானார்.

அந்த வழி இப்போது கிட்டத்தட்ட அடைபட்டுவிட்டது. முப்பது வயதில் நேராக என்.எஃப்.எல். போய், இரண்டு நொடிக் கடிகாரத்தோடு அங்கேயே பழகிக்கொள்ள எந்த அணிக்கும் பொறுமை இல்லை. இப்போதைய வழி கல்லூரி. பிரிஸ்பேன் லயன்ஸில் ஆடி, 2004இல் கிரீன் பே பேக்கர்ஸில் முயன்று பார்த்த நேதன் சாப்மேன், 2007இல் மெல்பர்னில் தொடங்கிய ப்ரோகிக் ஆஸ்திரேலியா என்ற பயிற்சிக்கூடம் இதற்கென்றே இருக்கிறது. ஏ.எஃப்.எல். தேர்வில் இடம் கிடைக்காதவர்கள், கிடைத்தும் இரண்டு மூன்று வருடத்தில் கழற்றிவிடப்பட்டவர்கள் அங்கே போய் ஸ்பைரலும் இரண்டு எட்டும் படித்து, காணொளி அனுப்பி, அமெரிக்கக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்கிறார்கள். சிறந்த கல்லூரி பன்ட்டருக்கான ரே கை விருதை 2013 முதல் 2023 வரை பதினோரு ஆண்டில் எட்டு முறை வாங்கியது இந்தக் கூடத்துப் பையன்கள்: ஹார்ன்ஸி, ஹாக்கெட் இருமுறை, விஷ்நாவ்ஸ்கி, டிக்சன், டஃபி, கோர்சாக், டெய்லர். ஒரு விளையாட்டில் சம்பளம் வாங்கியவர் வேறு விளையாட்டில் கல்லூரி வீரராக ஆடலாம் என்பதால், ஃப்ரீமாண்டில் பட்டியலில் இருந்த டஃபியும் செயின்ட் கில்டாவில் ஆடிய அரின் சிபோஸும் இருபது வயதைத் தாண்டிப் போய்க் கல்லூரியில் உதைக்க முடிந்தது. விளம்பரப் பணத்தில்தான் இடறுகிறது. அமெரிக்க மாணவர்கள் தாராளமாக வாங்குவதை, மாணவர் விசாவில் இருக்கும் இவர்கள் வேலைக் கட்டுப்பாட்டால் எளிதில் தொட முடியாது.

கல்லூரி விதி ஃபுட்டிக்காரருக்கு இன்னும் வசதி. அங்கே ஸ்னாப் ஆனதுமே எல்லோரும் கோட்டைத் தாண்டி ஓடலாம். அதனால் பன்ட்டர் பந்தைப் பிடித்து வலப்பக்கம் ஓடிக்கொண்டே நேரம் கடத்தி, ஓட்டத்திலேயே தாழ்வாக உதைத்து உருட்டிவிடலாம். ரக்பி பாணி என்பார்கள். ஓடும்போது இடைவெளி தெரிந்தால் உதைக்காமல் ஓடியே பத்து கெஜம் எடுக்கலாம். ஆளைத் துரத்தவிட்டு ஓடியபடி உதைப்பது ஃபுட்டியின் அன்றாடம், அமெரிக்கப் பன்ட்டர்களுக்கோ சர்க்கஸ். ஒரு எச்சரிக்கை: தடுப்பு வரிசையின் எல்லைக்கு வெளியே ஓடிவிட்டால், பன்ட்டர் மேல் மோதினால் கிடைக்கும் அபராதப் பாதுகாப்பு போய்விடும். கல்லூரியில் இதையே நாலு வருடம் உதைத்தவர் என்.எஃப்.எல். தேர்வாளர் முன்னால் திணறுவதும் இதனால்தான். மற்றவர்கள் கிளம்ப முடியாத ஆட்டத்தில் தாழ்ந்த உதைக்கு விலை இல்லை. என் கணிப்பில், கல்லூரிப் பன்ட்டரை மதிப்பிட அவருடைய சராசரியைப் பார்க்காமல், நின்று உதைத்த ஸ்பைரல்களை மட்டும் தனியாக எடுத்து ஹேங் டைம் அளப்பதே சரி.

நின்று உதைக்கும் ஸ்பைரல், ஓடியபடி உதைக்கும் உதை இரண்டையும் வைத்திருப்பவருக்கு மைக்கேல் டிக்சனை விட நல்ல உதாரணம் இல்லை. சிட்னிக்காரர், டெக்சஸ் பல்கலைக்கழகம், 2018இல் என்.எஃப்.எல். வீரர் தேர்வில் சியாட்டில் அணி அவரை ஐந்தாம் சுற்றில் எடுத்தது. முதல் ஆண்டிலேயே லீகின் சிறந்த பன்ட்டர் பட்டியலில் முதலிடம். அந்த ஆண்டு டெட்ராய்ட்டில், தன் எண்ட் சோனிலேயே வேண்டுமென்று இரண்டு புள்ளியை விட்டுக்கொடுத்துவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்கள். எதிரே ஆள் இல்லை என்று பார்த்தவர் ஓடியே முதல் டவுன், அதாவது அணிக்குப் புதிதாக நாலு வாய்ப்பு, எடுத்துவிட்டார். 2021 அக்டோபரில் ராம்ஸுடனான ஆட்டத்தில் அவர் பன்ட் தடுக்கப்பட்டது. தரையில் கிடந்த பந்தை ஓடிப்போய் எடுத்து, ஓட்டத்திலேயே மறுபடி உதைத்தார், 68 கெஜம். கோட்டுக்குப் பின்னாலிருந்தே உதைத்ததால் செல்லும் என்று நடுவர்கள் கூடிப் பேசி முடிவு சொன்னார்கள். அமெரிக்கர்கள் அதை வாரக்கணக்கில் போட்டுப் பார்த்தார்கள். மெல்பர்னில் அது சனிக்கிழமை மதிய ஆட்டத்தில் நடக்கிற சமாசாரம்.

கல்லூரியில் டோரி டெய்லரின் 2023 சீசன் வேறு மாதிரிச் சாதனை. ஐயோவா அணியின் தாக்குதல் பரிதாபமாக இருந்ததால் அவர் 93 முறை பன்ட் உதைக்க வேண்டி வந்தது. மொத்தம் 4,479 கெஜம். 1938இலிருந்து நின்ற சாதனை உடைந்தது. அடுத்த வசந்தத்தில் சிகாகோ பேர்ஸ் அவரை நாலாம் சுற்றிலேயே எடுத்தது. பன்ட்டருக்கு அது மிக முன்னதான இடம்.

பிசகினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் தூரத்தில் இல்லை. 2023 பிப்ரவரி, 57வது சூப்பர் பவுல், நாலாம் பகுதி. கணுக்கால் காயத்திலிருந்து அப்போதுதான் திரும்பிய, ஃபிலடெல்பியாவின் சிபோஸ் உதைத்த பந்தில் உயரமும் இல்லை, தூரமும் இல்லை. கன்சாஸ் சிட்டியின் கடேரியஸ் டோனி அதைப் பிடித்து 65 கெஜம் திருப்பி ஓடினார். சூப்பர் பவுல் வரலாற்றிலேயே நீளமான பன்ட் திருப்பம். ஃபிலடெல்பியா 38-35இல் தோற்றது. தாழ்ந்த பன்ட்டுக்குப் பின்னால் ஓடுகிறவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் நேரத்தை உண்டாக்க முடியாது.

உதையோடு சம்பந்தமே இல்லாத இன்னொரு வேலையும் தலையில் விழும். என்.எஃப்.எல். அணிகளில் கோல் கம்பத்துக்கு உதைக்கும் கிக்கருக்குப் பந்தை நிறுத்திக் கொடுப்பதும் பெரும்பாலும் பன்ட்டர்தான். ஏழெட்டு கெஜம் பின்னால் ஒரு முழங்காலில் உட்கார்ந்து, ஸ்னாப்பைப் பிடித்து, குறித்த புள்ளியில் நிறுத்தி, தையலைக் கம்பத்தின் பக்கம் திருப்பி, கிக்கர் கேட்ட சாய்வில் ஒரு விரலால் பிடிக்க வேண்டும். ஸ்னாப்பிலிருந்து உதை வரை 1.3 நொடி. ஃபுட்டியில் இதற்கு இணையாக எதுவும் கிடையாது. ஹெல்மெட் கம்பிகளுக்கு நடுவே பந்தைப் பார்க்கவே முதல் மாதம் போய்விடும். ஈரப்பந்தில், இருட்டில், தோள்கவசம் மாட்டிக்கொண்டு தினம் ஐம்பது பிடித்துப் பழகுவதைத் தவிர குறுக்குவழி இல்லை. மெல்பர்னிலேயே இதைத் தொடங்கிவிட்டு வருகிறவர்களுக்குத்தான் முகாமின் கடைசி வாரத்தில் இடம் நிற்கிறது. பன்ட் இரண்டு கெஜம் குறைந்தாலும் பொறுத்துக்கொள்ளும் பயிற்சியாளர், நிறுத்திய பந்து சரிந்து ஒரு கோல் போனால் மறுநாளே வேறு நாலு பேரைச் சோதனைக்குக் கூப்பிட்டுவிடுவார்.